மவுஸைத் தொட்டவன் நான்தான்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று பழைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. விதிமுறைகளை எழுதச் சொல்லியிருந்தால் முடியாது என்றிருப்பேன். பார்வையில்லாதவர்களும் தாமாகவே பயன்படுத்தும்படி வலைத்தளம் செய்வது எப்படி என்பதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. என்னைவிடத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அத்தனையும் படித்து மனப்பாடம் செய்த பிறகும் ஒருவன் எப்படியெல்லாம் சொதப்பலாம் என்பது மட்டும் அங்கே கிடைக்காது. அந்த விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதனால் ஒப்புக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கோபக்காரன் என்று உங்கள் சீனியர்கள் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். என் வேலையில் யாராவது குறை சொன்னால் எனக்குக் காது சிவந்துவிடும். அப்படிப்பட்டவனை உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே தொழில் கற்றுக்கொடுத்த ஒருவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர்.

அப்போது எங்கள் அலுவலகம் குன்னூரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. மொத்தம் ஐந்து பேர். மதியம் மூன்று மணிக்குக் கீழே வர்க்கி பிஸ்கட் சுடும் வாசனை மாடிப்படி ஏறி வந்துவிட்டால் அதற்கப்புறம் யாருக்கும் வேலை ஓடாது. ஒரு மழைக்காலத்தில், கோத்தகிரி சாலையில் இருக்கும் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். எஸ்டேட்டின் பெயர் வேண்டாம். தொழிலாளர்கள் அவரைத் தொரை என்பார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

அந்த எஸ்டேட்டில் ஐந்து டிவிஷன். ஒவ்வொன்றும் ஒரு மலைச்சரிவில் கிடக்கும். எந்த டிவிஷனுக்கு எது தேவைப்பட்டாலும், அதாவது இலை ஏற்ற லாரியோ, தொழிலாளர்களின் லைன் வீடுகளில் குழாய் ரிப்பேரோ, உடம்பு முடியாதவர்களுக்கு வண்டியோ, ஆபீசில் இருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குத்தான் போன் வரும். அங்கே உட்கார்ந்திருந்த பெண் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பதை மனதிலேயே வைத்திருந்து, யார் எங்கே போக வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். பன்னிரண்டு வருடமாக அந்த வேலை அவருடையது. பிறவியிலேயே பார்வை கிடையாது. எஸ்டேட் முழுக்க அவரை எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடும். இதை எழுதும் முன் பெயரைப் போட அனுமதி கேட்டேன். "பேரு போட்டீங்கன்னா படிச்சவங்க எல்லாம் போன் பண்ணி நல்லா இருக்கீங்களான்னு கேப்பாங்ணா. எனக்கு வேலை கெட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு மழைக்கும் மரம் விழுந்து டெலிபோன் கம்பி அறுந்துபோனது. அதனால் எக்ஸ்சேஞ்சை மூடிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு வலைப்பக்கத்துக்கு மாற்ற முடிவு செய்தார்கள். டிவிஷனில் இருப்பவர்கள் கைப்பேசியில் தேவையை எழுதி அனுப்புவார்கள். ஆபீசில் ஒருவர் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்து வண்டியை ஒதுக்குவார். அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. தொரை என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினார்.

"அவங்களால ஓட்ட முடிஞ்சா அவங்களே ஓட்டட்டும். முடியலைன்னா வேலையை விட்டு அனுப்ப மாட்டோம். பிள்ளைக் காப்பகத்துல ஒரு நாற்காலி போட்டுத் தர்றோம். சம்பளம் அப்படியே வரும். ரெண்டு மாசம் டைம் தர்றேன், முடிஞ்சதைப் பண்ணுங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் பக்கத்து அறைக்குப் போய் எக்ஸ்சேஞ்ச் அக்காவிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது.

"பிள்ளைக் காப்பகத்துல எனக்கு என்ன வேலைன்னு கேட்டனுங்க. சும்மா இருங்க, அது போதும்னாங்க. பன்னெண்டு வருசத்துல நான் சும்மா இருந்ததே இல்லீங்ணா. சும்மா இருக்கறதுக்குச் சம்பளம் வாங்குனா ராத்திரி சோறு எறங்குமுங்களா?"

எனக்கு மனசு கனத்துப்போனது. ஒன்றும் கவலைப்படாதீர்கள் அம்மணி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "வாயைக் குடுத்துட்டு வந்தாச்சாக்கும்" என்றாள்.

மூன்று வாரத்தில் பக்கம் தயாரானது. நிரல் எழுதியவன் எங்கள் அலுவலகத்துப் பிரபு. சரிபார்த்தவன் நான். தானாகவே குறை கண்டுபிடிக்கும் கருவி ஒன்றில் ஓட்டிப் பார்த்தோம், நூற்றுக்கு நூறு வந்தது. திரையில் இருப்பதை உரக்கப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரிலும் கேட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரைச் சரியாகச் சொன்னது. நான் அரைக் கிலோ வர்க்கி வாங்கிக்கொண்டு, பாராட்டு வாங்கப் போகிறவன் மாதிரி எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய ஸ்கிரீன் ரீடர் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்ணா, பச்சைக் கம்பளம் விரிச்சாப்புல இருக்கற தேயிலைச் சரிவுல வெண்பஞ்சு மேகம் தவழுதுன்னு ஒண்ணு வருதே, அது என்னங்க?"

பக்கத்தின் உச்சியில் இருந்த புகைப்படத்துக்கு நான் எழுதிய விவரணை அது. படங்களுக்கு விவரணை எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கோ கொஞ்சம் எழுத்து ஆர்வமும் உண்டு. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியிருந்தேன். பெருமையோடு சொன்னேன்.

"அந்தப் படம் எதுக்குங்க போட்டிருக்கீங்க?"

"அழகுக்குத்தான் அம்மணி."

"அப்ப பாக்கறவங்க பாத்துக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டாமுங்க. ஒவ்வொருக்காலும் அந்தக் கம்பளத்தைத் தாண்டித்தான் லாரிக்குப் போக வேண்டியிருக்குது. இதுவரைக்கும் பதினொரு தடவை தாண்டிட்டேன்."

எனக்குக் காது சிவந்தது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சோதனைக்காகப் பிரபு குன்னூரிலிருந்து ஒரு செய்தி அனுப்பினான். திரையில் மேலே சிவப்பு வரியாக வந்து மின்னியது. எக்ஸ்சேஞ்ச் அக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது.

"இன்னும் வரலீங்களா?" என்றார்.

"வந்து ரெண்டு நிமிஷமாச்சே."

"எங்க வந்துச்சு? போனுன்னா மணி அடிக்குமுங்க. இது பூனையாட்ட சத்தமில்லாம வந்து உக்காந்துக்கிச்சா?"

சிவப்பாக மின்னுவது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். காதுக்கு அது ஒரு சேதியும் சொல்லவில்லை. நூற்றுக்கு நூறு போட்ட கருவிக்கும் அது தெரியாது, ஏனென்றால் ஒருவர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அதற்கு யார் சொன்னது? நான் சமாளித்தேன். ஸ்கிரீன் ரீடரில் சோதித்துத்தான் கொண்டுவந்தோம் என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"டெஸ்ட் பண்ணறப்ப ஸ்கிரீன் எரிஞ்சுட்டு இருந்துச்சுங்களா?"

"ஆமா."

"அப்ப உங்க கண்ணுதானுங்க டெஸ்ட் பண்ணுச்சு. காது சும்மா கூட வந்திருக்குது."

இப்படிச் சொல்லிவிட்டு வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு முதலில் நீட்டினார். நான் வாங்கிய வர்க்கியை எனக்கே கொடுத்துச் சமாதானம் செய்கிறார். அதற்கு மேல் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து எங்கள் மாடியில் மானிட்டரை அணைத்துவிட்டு வேலை பார்க்கப் பழகினோம். அந்தக் கூத்தைத் தனியாக எழுதலாம். பிரபு திரையை அணைத்துவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் டிக்கெட் எடுக்கப் பார்த்து, கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு எடுத்துவிட்டான். மூன்று நாள் அவனை யாரும் சும்மா விடவில்லை. ஆனால் அந்த மூன்று நாளில் எங்கள் பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குறைகளைக் கண்டுபிடித்ததும் அவன்தான். நீங்களும் செய்து பாருங்கள். வெட்கமாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

இரண்டாவது தடவை போனபோது நான் இன்னொரு பக்கம் சாய்ந்திருந்தேன். போன தடவை பக்கம் பேசவில்லை என்றுதானே குறை? இந்தத் தடவை எல்லாவற்றையும் பேச வைத்துவிட்டேன். புதுச் செய்தி வந்தால் பேசும். லாரி கிளம்பினால் பேசும். லாரி நின்றாலும் பேசும். அரை மணிக்கு ஒருமுறை மழை வருமா வராதா என்றும் சொல்லும். எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒரு வரி எழுத ஆரம்பிப்பார், அது முடிவதற்குள் இரண்டு அறிவிப்பு குறுக்கே வரும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரிப்பு.

"ஏனுங்ணா, இது கல்யாண வூடாட்ட இருக்குதுங்க. ஒருத்தரு பேசி முடிக்கறதுக்குள்ள நாலு சொந்தக்காரங்க குறுக்க வர்றாங்க."

அன்றைக்கு நான் வாதாடவில்லை. பழைய எக்ஸ்சேஞ்சில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பன்னிரண்டு வருடமாக ஒரு வேலையைச் செய்கிறவரிடம், அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்காமலே அந்த வேலைக்குப் பக்கம் செய்து கொண்டுபோயிருக்கிறேன் பாருங்கள்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐந்து டிவிஷன் போனுக்கும் ஐந்து விதமான மணி. எது அடித்தாலும் எடுக்கும் முன்பே யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு போன் வந்தால் ஒரு சின்ன கிளிக் சத்தம் மட்டும் கேட்கும். இவர் பேச்சை முடித்துவிட்டு அதை எடுப்பார். விபத்து, பிரசவம், தீ, குளவி, யானை. இந்த ஐந்துக்கு மட்டும் மணியை விடாமல் அடிக்கச் சொல்லி வைத்திருந்தார். அப்படி அடித்தால் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாலும் வெட்டிவிட்டு எடுப்பார். ஒருமுறை தொரையின் பேச்சையே வெட்டியிருக்கிறார்.

"காட்டெருமை இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"காட்டெருமை தினமும் வருதுங்க. அதுக்கெல்லாம் அவசரப்பட்டா ஆகுமுங்களா?"

அப்படியே பக்கத்தை மாற்றினோம். ஐந்து டிவிஷனுக்கு ஐந்து சின்னச் சத்தம். அந்த ஐந்து அவசர விஷயம் மட்டும் குறுக்கே பேசலாம், மற்றதெல்லாம் அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. மழையைப் பற்றிய அறிவிப்பை எடுத்துவிட்டோம். நீலகிரியில் மழை வருமா என்று ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மாதக் கெடு முடியும் நாளில் தொரையின் அறையில் செயல்விளக்கம். கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்திருந்தார்கள். ஹெட் கிளார்க்கும் இருந்தார். ஒருவேளை எக்ஸ்சேஞ்ச் அக்காவால் முடியாவிட்டால் அந்த இடத்துக்கு வரப்போகிறவர் அவர்தான். டிவிஷன்களிலிருந்து ஆறு சோதனைச் செய்திகள் வரும், எக்ஸ்சேஞ்ச் அக்கா வண்டி ஒதுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரை வைத்து, ஸ்கிரீன் ரீடரின் வேகத்தைக் குறைத்திருந்தோம். "இவ்வளவு மெதுவா வெச்சா எனக்குத் தூக்கம் வந்துருமுங்ணா" என்று என் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

முதல் மூன்று செய்திகளும் வந்தன, போயின. அதிகாரிகளில் ஒருவர் தலையாட்டி ரசிக்கவே ஆரம்பித்துவிட்டார். அப்போது அவசரச் சத்தம் கேட்டது. மேல் டிவிஷன். பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில் குளவி கொட்டிவிட்டது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மூன்று பேர், ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது.

தொரை எழுந்து நின்றுவிட்டார். "இது நம்ம டெஸ்ட் இல்லை" என்றார்.

எக்ஸ்சேஞ்ச் அக்காவின் விரல்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. செய்தியைத் திறந்து, டிரைவருக்குச் சொல்ல வேண்டியதைப் பாதி எழுதிவிட்டு, வண்டிகளின் பட்டியலுக்குப் போனார். "ஆம்புலன்ஸ்" என்றது கம்ப்யூட்டர். அவர் அதில் நிற்காமல் தாண்டிக் கீழே போனார். "லாரி ஒன்று" என்றது. அதையும் தாண்டினார்.

பதற்றத்தில் கவனிக்காமல் தாண்டிவிட்டார் என்று நினைத்தேன். மூச்சு வாங்குகிற ஒரு பெண் அங்கே கிடக்கிறார். என் கை என்னைக் கேட்காமலே அவர் தோளுக்கு மேலே போய் மவுஸைப் பிடித்து ஆம்புலன்ஸ் மேல் அழுத்திவிட்டது.

அவ்வளவுதான். "ஆம்புலன்ஸ் வெளியே சென்றுள்ளது" என்றது கம்ப்யூட்டர். எக்ஸ்சேஞ்ச் அக்கா டிரைவருக்காகப் பாதி எழுதியிருந்த செய்தி மறைந்துபோனது. பக்கம் முதலிலிருந்து தொடங்கி எஸ்டேட்டின் பெயரை நிதானமாகப் படிக்க ஆரம்பித்தது.

"யாருங்க மவுஸைத் தொட்டது?" என்றார் எக்ஸ்சேஞ்ச் அக்கா. குரல் உயரவில்லை.

அதிகாரிகளுக்கு என் கை போனது தெரியாது, அவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர், "இதுக்குத்தான் பயந்தோம். வேற யாராவது உட்காருங்க, முதல்ல வண்டி போகட்டும்" என்றார். ஹெட் கிளார்க் நாற்காலியை நோக்கி நடந்தார்.

உங்களிடம் பொய் சொல்லப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றுவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பேசாமல் இருந்தால் பக்கம் நல்ல பக்கம், தடுமாறியது அவர் என்று ஆகிவிடும். எங்கள் ஒப்பந்தத்துக்கு ஆபத்தில்லை. பேசினால், யார் கை பட்டாலும் எழுதியதை விழுங்கிவிடுகிற பக்கத்தைச் செய்து கொடுத்தவன் நான் என்று ஆகும். இவ்வளவும் இரண்டு விநாடிக்குள் மனதில் ஓடி முடிந்தது. அவருடைய முதுகு எனக்கு முன்னால் நேராக இருந்தது. அவர் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

"நான்தான் அம்மணி தொட்டேன்" என்றேன். பிறகு அதிகாரிகளிடம் திரும்பினேன். "அவங்க சரியாத்தான் போயிட்டிருந்தாங்க. கெடுத்தது நான். யாரும் கிட்ட வராதீங்க, அவங்களே அனுப்பட்டும்." மவுஸின் வயரைப் பிடுங்கி, மவுஸை என் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நான் பேசி முடிப்பதற்குள் அவர் ஸ்கிரீன் ரீடரின் வேகத்தைப் பழைய வேகத்துக்கு ஏற்றிவிட்டார். ஸ்பீக்கரில் வந்தது எங்கள் யாருக்கும் புரியவில்லை. விசைகள் மட்டும் படபடவென்று விழுந்தன. டிரைவருக்கான செய்தியை மறுபடி முழுவதும் எழுதினார், எந்தக் காடு, எத்தனை பேர், யாருக்கு என்ன என்று ஒன்றும் விடாமல். அனுப்பிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்.

"ஜீப்பை அனுப்பியிருக்கேனுங்க. அது நடு டிவிஷன்ல இலை எடை போடற கொட்டகைக்கிட்ட நிக்குது, பத்து நிமிசத்துல போயிரும். ஆம்புலன்ஸைக் காலையில நான்தானுங்க டயாலிசிஸ் கேசுக்குக் குன்னூருக்கு அனுப்பினேன். அது திரும்பி வந்துட்டிருக்குது. ரோட்டு முக்குல நின்னு, ஜீப்புல இருந்து ஆளுங்களை மாத்திக்கச் சொல்லியிருக்கேன்."

ஆம்புலன்ஸ் வெளியே போயிருக்கிறது என்று திரையிலும் எழுதித்தான் இருந்தது. நாங்களே சாம்பல் நிறச் சின்ன எழுத்தில் போட்டிருந்தோம். இரண்டு கண்ணையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நான் அதைப் படிக்கவில்லை.

அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில், மூன்று பேரையும் ஏற்றிவிட்டோம் என்று ஜீப் டிரைவரிடமிருந்து செய்தி வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டோம், ஊசி போட்டாயிற்று, மூச்சு பரவாயில்லை என்று வந்தது. தொரை நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே இரண்டு பேர் வீடு திரும்பிவிட்டார்கள். மூச்சு வாங்கிய பெண் மறுநாள் திரும்பினார், முகம் மட்டும் ஒரு வாரத்துக்குப் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்ததாம்.

ஊசி போட்ட செய்தி வந்ததுமே எக்ஸ்சேஞ்ச் அக்கா தொரை பக்கம் திரும்பிச் சொன்னார்.

"தொரை, நாலாவது டெஸ்ட்டை அனுப்பச் சொல்றீங்களா? அதுக்கு உக்காந்துட்டு இருக்கேன்."

முதலில் சிரித்தவர் அந்த மூத்த அதிகாரிதான். மீதி மூன்று சோதனையும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். தொரை மேசையில் இருந்த தாளை எடுத்து ஒரு வரியைப் பேனாவால் அடித்தார். "பிள்ளைக் காப்பகத்துக்குன்னு ஒரு நாற்காலி கேட்டிருந்தேன், அது வேண்டாம்" என்றார். எக்ஸ்சேஞ்ச் அக்கா கையைத் தூக்கித் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, தன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை, அவருக்கு என் மூக்குறிஞ்சல் கேட்டுத்தான் இருக்கும்.

வெளியே வராந்தாவில் டீ குடிக்கும்போது என்னை நன்றாக வாங்கினார்.

"ஏனுங்ணா, எழுதிட்டிருக்கறவங்க கையில இருந்து பேனாவைப் புடுங்குவீங்களா நீங்க? அப்படித்தானுங்க இதுவும். உதவி பண்ணறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேளுங்க. வேணும்னா வேணும்பேன்."

"தப்புத்தான் அம்மணி."

"அதை உள்ளயே சொல்லிட்டீங்க, உடுங்க. எழுதுனது ஏங்க காணாமப் போச்சு? அதைச் சரி பண்ணுங்க. ஹெட் கிளார்க்குக்கும் கை படுமில்லீங்க?"

அந்த வாரமே சரி செய்தோம். பாதி எழுதியது இப்போது எது நடந்தாலும் அப்படியே இருக்கும். ஹெட் கிளார்க்தான் அதனால் அதிகம் பிழைத்தார், அவருக்கு எழுதிக்கொண்டே தூங்கிவிடும் பழக்கம் உண்டு. அன்றிலிருந்து பார்வையில்லாத ஒருவர் பக்கத்தைச் சோதிக்கும்போது நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பேன். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி நிற்கிறீர்கள் என்று பிரபு கிண்டல் செய்வான். செய்யட்டும். உங்களுக்கும் அதே யோசனைதான்.

மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தில் ஊழியர்கள் லீவு எழுதும் இடமும் வேண்டும் என்று தொரை கேட்டார். சின்ன வேலை. எத்தனை நாள், எந்தத் தேதி, காரணம், மூன்றே கட்டம். அதைக் காட்டப் போனபோது எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதுல எழுதறது யாருக்கெல்லாம் தெரியுமுங்க?"

"எழுதறவங்களுக்கும் தொரைக்கும் மட்டும்."

"ஹெட் கிளார்க்குக்கு?"

"தெரியாது."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். பன்னிரண்டு வருடமாக அவருடைய லீவு லெட்டரை வேறு யாராவதுதான் எழுதிக் கொடுத்தார்கள். "அம்மாவுக்கு ஆபரேசன்னு எழுதச் சொன்னா, தொரை படிக்கறதுக்குள்ள லைன்ல இருந்து கஞ்சி வந்துருமுங்க. பாசமாத்தான் கொண்டு வருவாங்க. ஆனாலும் என் சேதி என்ற வாயில இருந்து போனதே இல்லீங்ணா."

நான் இத்தனை வருடம் பொத்தானுக்குப் பெயர் வைத்திருக்கிறேன், சத்தம் வைத்திருக்கிறேன். இப்படி ஒன்று இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

அடுத்த மாதம் நடந்ததை அவரே பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு மதியம், ஆபீசில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவர் லீவுப் பக்கத்தைத் திறந்து பத்து நாள் என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'எனக்குக் கல்யாணம்' என்று எழுதினார். மாப்பிள்ளை பக்கத்துக் கேத்தி ஊர்க்காரர், கேரட் விவசாயி. இரண்டு வருடம் முன்பு மண்டிக்கு லோடு ஏற்ற லாரி கேட்டு, தவறாக எஸ்டேட் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்தவர். அதற்கப்புறம் தவறாமல் செய்திருக்கிறார். அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. ஐந்து டிவிஷன் சங்கதியும் தெரிந்த ஆபீசில் அந்த ஒரு சங்கதி மட்டும் யாருக்கும் தெரியாது.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். சற்று நேரத்தில் தொரையிடமிருந்து பதில் வந்தது. இயர்போனில் அவர் காதுக்கு மட்டும் படித்துக் காட்டியது. 'அனுமதி உண்டு. ரொம்ப சந்தோஷம். நீங்கள் சொல்லும்வரை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.'

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்திருக்கிறார். ஹெட் கிளார்க் டிபன் டப்பாவோடு எழுந்து வந்து, என்னம்மா அப்படிச் சிரிக்கிறே, எங்களுக்கும் சொல்லேன் என்று கேட்டாராம்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாராம் இவர்.